தண்டுவடம் அடிபட்ட தம்பிக்குக் கரண்ட் சைக்கிள் உதவுமா?

உங்கள் கேள்வியை முதலில் ஒருமுறை திருப்பிச் சொல்கிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். தம்பிக்கு 27 வயது. உயரத்திலிருந்து விழுந்து, டி5 (மார்பு முதுகெலும்பில் ஐந்தாவது) மட்டத்தில் தண்டுவடம் அடிபட்டு 14 மாதம் ஆகிறது. முழுமையான காயம், 'ஆசியா ஏ' என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மார்புக்குக் கீழே உணர்ச்சியும் இல்லை, அவராக அசைக்கவும் முடியவில்லை. ஆனால் இரவில் கால் தானாக வெட்டி இழுக்கிறது. தொடையில் பேட் ஒட்டி, கரண்ட் கொடுத்து, செயலிழந்த காலையே சைக்கிள் மிதிக்க வைக்கும் கருவியை ஒரு வீடியோவில் பார்த்திருக்கிறீர்கள். அதை வாங்கலாமா, இல்லை மோட்டாரே காலைச் சுற்றிவிடும் சாதாரண சைக்கிள் போதுமா, கால் வெட்டி இழுப்பது குறையுமா என்று கேட்கிறீர்கள். கேள்வி அவ்வளவுதான். ஆனால் நடுவில், அந்த வீடியோவில் கால் அசைவதைப் பார்த்து அம்மா அழுதுவிட்டார் என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் உண்மையில் கேட்க நினைத்தது அந்த வரியில் இருக்கிறது: இதைச் செய்தால் தம்பி மறுபடி நடப்பாரா?

அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த சைக்கிளால் நடை திரும்ப வராது. தண்டுவடத்தில் அறுந்த தொடர்பை இது ஒட்டவைப்பதில்லை. பத்தொன்பது வருடமாகத் தண்டுவடக் காயம் பட்டவர்களோடு வேலை செய்யும் பிசியோதெரபிஸ்ட் நான். டி5 முழுமையான காயத்தோடு, ஒரு வருடம் கழித்து இந்த சைக்கிளில் உட்கார்ந்து, அதனால் எழுந்து நடந்த ஒருவரை இதுவரை பார்த்ததில்லை. இருந்தும் பலருக்கு இதைப் பரிந்துரைக்கிறேன், மனதார. நடையைத் தவிர வேறு சில காரியங்களுக்கு இது நல்ல கருவி. எதற்கு, யாருக்கு, என்ன எச்சரிக்கையோடு என்பதைத்தான் கீழே எழுதுகிறேன். தம்பியை நான் நேரில் பார்க்கவில்லை. அவருக்கு இது பாதுகாப்பானதா என்பதை மட்டும் அவரைத் தொட்டுப் பார்க்கும் ஒருவர்தான் சொல்ல வேண்டும்.

இது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். தோலின் மேல் ஒட்டும் பேட் வழியாகப் போகும் கரண்ட் தசையை நேரடியாகத் தூண்டுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படியல்ல. அது தசைக்குள் போகும் நரம்பைத் தூண்டுகிறது, நரம்புதான் தசையைச் சுருக்குகிறது. ஆகவே தண்டுவடத்திலிருந்து தசை வரைக்கும் உள்ள அந்தக் கடைசி நரம்பு உயிரோடு இருக்க வேண்டும். கால் தசைகளுக்கான நரம்புச் செல்கள் தண்டுவடத்தின் அடிநுனியில் இருக்கின்றன. முதுகெலும்புக் கணக்கில் சுமார் டி11 முதல் எல்1 (இடுப்பு முதுகெலும்பில் முதலாவது) வரை உள்ள உயரம் அது. உங்கள் தம்பிக்கு அடிபட்டது அதற்கு வெகு மேலே. மூளையிலிருந்து வரும் செய்திதான் நின்றுபோயிருக்கிறது. கீழே உள்ள செல்களும், அவற்றிலிருந்து தொடைக்குப் போகும் நரம்பும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். இரவில் கால் வெட்டி இழுக்கிறது என்றீர்களே, அது அதற்கு நல்ல அடையாளம். அந்த வெட்டு வருவதற்குக் கீழ் நரம்பு வேலை செய்தாக வேண்டும்.

இதே கேள்வியை எல்1 உடைந்து, கால் துணிபோலத் தொளதொளவென்று கிடக்கும் ஒருவருக்காகக் கேட்டிருந்தால் என் பதில் வேறு. அங்கே அடிபட்டது அந்தச் செல்களும் வேர்களுமே. நரம்பு செத்துப்போன தசைக்குச் சாதாரணக் கருவி எவ்வளவு கரண்ட் கொடுத்தாலும் ஒன்றும் நடக்காது. வேலையில் சேர்ந்த ஆரம்பத்தில் இந்தத் தவற்றைச் செய்தவன் நான். ஒருவருக்குத் தொடையில் பேட் ஒட்டி, அசைவு வரவில்லை என்று மில்லி ஆம்பியரை ஏற்றிக்கொண்டே போனேன். பேட்டைப் பிரித்தபோது அதன் விளிம்பு அச்சாக, வட்டமாகத் தோல் சிவந்து கன்றிப்போயிருந்தது. அவருக்கு வலி தெரியாது, அதனால் என்னை நிறுத்தச் சொல்லவும் இல்லை. அந்த வட்டம் ஆறப் பத்து நாள் ஆனது. அன்றிலிருந்து முதல் நாள் சோதனையைத் தாண்டாமல் யாரையும் சைக்கிளில் உட்கார வைப்பதில்லை. நரம்பு செத்த தசையைத் தூண்ட முடியவே முடியாது என்றும் இல்லை. சாதாரணக் கருவியின் துடிப்பு ஒரு மில்லி செகண்டில் மூன்றில் ஒரு பங்கு நேரமே நீடிக்கும். அதைவிட நூறு மடங்குக்கும் நீளமான துடிப்பு கொடுத்தால் அந்தத் தசையும் சுருங்கும். வியன்னாவில் ஒரு குழு பல வருடம் அப்படிச் செய்து தசையை மீட்டுக் காட்டியது. ஆனால் அதற்குத் தனிக் கருவி வேண்டும், தினமும் செய்ய வேண்டும். நீங்கள் வீடியோவில் பார்த்த சைக்கிள் அதுவல்ல.

சோதனை ஒன்றும் பெரிய விஷயமல்ல. கையடக்கக் கருவி ஒன்று போதும். முன்தொடையில் இரண்டு பேட், நொடிக்கு 30, 40 துடிப்பு, ஒவ்வொன்றும் 300 மைக்ரோ செகண்ட். மெதுவாகக் கரண்டை ஏற்றிப் பார்ப்போம். பேட்டுகளுக்கு நடுவே என் உள்ளங்கையை வைத்திருப்பேன். முதலில் கண்ணுக்குத் தெரியாத ஒரு நடுக்கம் கையில் தட்டும். பிறகு தோலுக்கு அடியில் ஒரு கயிறு இழுபடுவதுபோலத் தசை கெட்டியாகி, முட்டிச்சில்லு மேலே ஏறும். பல மாதம் கழித்துத் தன் தொடை இறுகுவதைப் பார்க்கும் ஆள் அந்த நேரத்தில் எதுவும் பேசமாட்டார், நானும் பேசமாட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, இது கரண்ட் செய்கிற வேலை, நீங்கள் செய்வதல்ல என்று நானே சொல்லிவிடுவேன். அதைச் சொல்லாமல் விட்டால் பின்னால் அவருக்குத்தான் கஷ்டம்.

சரி, தசை சுருங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். சைக்கிள் என்ன செய்கிறது? முன்தொடை, பின்தொடை, பிட்டம் என இரண்டு பக்கமும் சேர்த்து ஆறு இடத்தில் பேட் ஒட்டுவோம். மிதிகட்டை எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பதைக் கருவி பார்த்துக்கொண்டே இருக்கும். அந்தந்த நேரத்தில் அந்தந்தத் தசைக்குக் கரண்ட் அனுப்பும். கூடவே ஒரு மோட்டாரும் இருக்கும், தசை சோர்ந்தால் அது கைகொடுக்கும். உட்கார்வது அவரவர் வீல்சேரிலேயேதான். பாதத்தையும் கெண்டைக்காலையும் ஒரு தாங்கியில் வைத்துக் கட்டிவிடுவோம், முட்டி வெளியே சாயாமல்.

இதில் உறுதியாகச் சொல்லக்கூடியது தசை பற்றியது. காயம் பட்ட சில வாரத்திலேயே தொடைத் தசை கரையத் தொடங்கிவிடும். வாரத்துக்கு மூன்று நாள் என்று சில மாதம் இந்த சைக்கிளை மிதித்தால் தசையின் பருமன் கூடுகிறது, சோர்வைத் தாங்கும் தன்மை கூடுகிறது, தசைக்குள் ரத்த நுண்குழாய்களும் பெருகுகின்றன. 2021-இல், அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் சேர்த்து அலசிய ஒரு பெரிய தொகுப்பு வந்தது. 92 ஆய்வுகள், 999 பேர். தசை நலனுக்கு இது நல்லது என்பதற்கு அதில் கிடைத்த சான்று பலமானது. மிதிக்கும் சக்தியும் மூச்சுத்திறனும் கூடலாம் என்பதற்கான சான்று அவ்வளவு பலமில்லை. 999 பேர் என்றாலும் அது 92 ஆய்வுகளில் பிரிந்து கிடக்கிறது என்பதைக் கவனியுங்கள். சராசரியாக ஒரு ஆய்வுக்குப் பதினோரு பேர்கூட இல்லை. இந்தத் துறையின் எல்லா எண்களையும் அந்த நினைப்போடுதான் படிக்க வேண்டும்.

எதிர்பார்ப்பைச் சரியாக வைத்துக்கொள்ள இன்னொரு எண். பயிற்சி பெற்ற ஒருவர்கூட இந்த சைக்கிளில் பொதுவாக 10, 20 வாட் அளவுதான் மிதிப்பார். தொடக்கத்தில் பலருக்குச் சுழியம். முழுக்க மோட்டார்தான் சுற்றும். நல்ல கால் உள்ளவர் சாவகாசமாக மிதித்தாலே இதைப்போலப் பல மடங்கு வரும். இது தம்பியின் சோம்பலோ கருவியின் கோளாறோ இல்லை. நாம் நம் விருப்பத்தில் நடக்கும்போது சோர்வு தெரியாத சின்ன இழைகள் முதலில் வேலைக்கு வரும், ஒன்று ஓய்ந்தால் இன்னொன்று என்று முறைவைத்துக்கொள்ளும். கரண்டுக்கு அந்த நிதானம் கிடையாது. பேட்டுக்கு அடியில் இருக்கும் இழைகள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் இழுக்கும், அதுவும் திரும்பத் திரும்ப அதே இழைகளை. அதோடு காயத்துக்குப் பிறகு தசை இழைகளே சீக்கிரம் சோரும் வகைக்கு மாறிவிடுகின்றன. அதனால் முதல் வாரத்தில் இரண்டு நிமிடத்தில் கால் ஓய்ந்துபோனால் பயப்பட வேண்டாம், எல்லோருக்கும் அப்படித்தான். ஆறு எட்டு வாரத்தில் அதே கால் இருபது, முப்பது நிமிடம் ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். 2016-இல் ஜூரிக்கில் நடந்த சைபத்லான் என்ற போட்டியில் இந்த வகை சைக்கிளுக்கென்றே ஒரு பந்தயம் இருந்தது. அதில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து அணி 750 மீட்டரை மூன்று நிமிடத்துக்குள் முடித்து முதலிடம் பிடித்தது. அந்த வீரருக்கு எலக்ட்ரோடுகளை அறுவைசிகிச்சை செய்து உடம்புக்குள்ளேயே, நரம்பை ஒட்டிப் பதித்திருந்தார்கள். தோலின் மேல் ஒட்டும் பேட்டால் அந்த வேகத்தை எதிர்பார்க்க முடியாது.

அவ்வளவு சின்ன சக்திக்கு இத்தனை பாடு எதற்கு என்று கேட்பீர்கள். எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். வீல்சேரில் இருப்பவருக்கு உடற்பயிற்சி என்றால் கை மட்டும்தான். அந்தக் கையும் தோளும்தான் சக்கரம் தள்ள வேண்டும், கட்டிலிலிருந்து நாற்காலிக்கு உடம்பைத் தூக்கிவைக்க வேண்டும். பத்து வருடத்தில் தோள்வலி வராதவர்கள் குறைவு. உடம்பிலேயே பெரிய தசைகள் தொடையிலும் பிட்டத்திலும் இருக்கின்றன. அவை சும்மா கிடக்கும்போது சர்க்கரையை உறிஞ்சிக்கொள்ள ஆளில்லை. தண்டுவடக் காயம் பட்டவர்களுக்குச் சர்க்கரை நோயும் இதய நோயும் அதிகம் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். கால் தசையை வேலைக்கு இழுத்துவந்தால் இன்சுலினுக்கு உடம்பு இணங்குவது மேம்படுகிறது என்று சிறிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கால் மிதிக்கும்போதே கையாலும் சேர்ந்து பயிற்சி செய்தால் உடம்பு எடுக்கும் ஆக்சிஜன் இன்னும் கூடுகிறது. முடிந்தவர்களை அப்படித்தான் செய்யச் சொல்கிறேன். கரண்டில் இயங்கும் காலும் சொந்தக் கையும் சேர்ந்து துடுப்பு வலிப்பதுபோல ஒரு கருவியும் இருக்கிறது.

எலும்பு விஷயத்தில் ஆசையைக் கொஞ்சம் அடக்கிக்கொள்ள வேண்டும். காயத்துக்குப் பிறகு முதல் சில வருடங்களில் முட்டிக்கு மேலும் கீழும் உள்ள எலும்பு முனைகள் பாதியளவோ அதற்கு மேலோ அடர்த்தியை இழக்கின்றன. இந்த சைக்கிள் அதைத் திருப்பித் தருமா? 2008-இல் வெளியான ஓர் ஆய்வில், பல வருடமாக வீல்சேரில் இருந்த பதினொரு பேர் ஒரு வருடம் முழுக்க, வாரத்துக்குச் சராசரி மூன்று நான்கு நாள், ஒவ்வொரு நாளும் ஒரு மணி நேரம் மிதித்தார்கள். தொடை எலும்பின் கீழ்முனையில் பஞ்சுபோன்ற உட்பகுதியின் அடர்த்தி சராசரியாக 14 சதவீதம் கூடியது. ஆளுக்கு ஆள் வேறுபாடு மிக அதிகம். கெண்டைக்கால் எலும்பில் சொல்லும்படி மாற்றமில்லை. அதற்கு முன் 1997-இல் வந்த இன்னொரு சிறு ஆய்வில், வாரம் மூன்று நாள் என்று ஒரு வருடம் மிதித்தவர்களுக்குக் கெண்டைக்கால் எலும்பின் மேல்முனையிலேயே 10 சதவீதம் கூடியது. பிறகு வாரம் ஒரு நாளாகக் குறைத்ததும் ஆறு மாதத்தில் பழைய நிலைக்கே இறங்கிவிட்டது. இரண்டும் ஒன்றோடொன்று முழுக்கப் பொருந்தவில்லை என்பது உங்களுக்கே தெரியும். நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது இவ்வளவுதான்: எலும்புக்காக மட்டும் என்றால் நிறைய நேரம், நிறைய நாள் வேண்டும், விட்டால் போய்விடும். வாரம் ஒரு நாள் செய்வதில் அர்த்தமில்லை.

கால் வெட்டி இழுப்பது குறையுமா என்றும் கேட்டிருந்தீர்கள். மிதித்து இறங்கிய சில மணி நேரத்துக்குப் பலருக்குக் குறைகிறது, இரவில் நன்றாகத் தூங்கினேன் என்று சொல்கிறார்கள். நிரந்தரமாகக் குறையும் என்று என்னால் சொல்ல முடியாது, ஆய்வுகளும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கின்றன. ஒரு சிலருக்குத் தொடக்கத்தில் கூடவும் செய்திருக்கிறது. படுக்கைப்புண் விஷயமும் அப்படித்தான். பிட்டத்தில் தசை கூடுகிறது, ரத்த ஓட்டம் கூடுகிறது, அதனால் புண் வராமல் தடுக்கும் என்று சொல்வது நியாயமான ஊகம். ஆனால் சைக்கிள் மிதிக்கிறோம் என்று மணிக்கு இரண்டு மூன்று முறை உடம்பைத் தூக்கி அழுத்தம் மாற்றுவதை விட்டால் புண் வந்தே தீரும். அந்தப் பழக்கத்துக்கு எந்தக் கருவியும் ஈடாகாது.

இப்போது மறுபடி நடைக்கு வருகிறேன், அம்மாவுக்கு நீங்கள் விளக்க வேண்டியிருக்கும் என்பதால். கரண்ட் கொடுத்துச் செயலிழந்த காலை நடக்க வைப்பது புதிய கனவு இல்லை. 1961-இலேயே பக்கவாதத்தால் பாதம் தொங்கியவருக்கு நடக்கும்போது பாதத்தைத் தூக்கிவிடும் கருவி வந்துவிட்டது. 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஓஹையோவில் ஜெரால்ட் பெட்ரோஃப்ஸ்கி என்ற விஞ்ஞானி, கார் விபத்தில் கால் செயலிழந்த ஒரு கல்லூரி மாணவியைக் கணினியும் கரண்டும் கொண்டு சில அடி நடக்க வைத்தார். உலகமே பார்த்தது. 1994-இல் கையில் வாக்கருடன் நடக்க உதவும் அப்படியொரு கருவிக்கு அமெரிக்க அரசின் அனுமதியும் கிடைத்தது. ஆனால் அப்படி நடப்பதற்கு ஆகும் உழைப்பு மிகக் கடுமை, தோளில் விழும் பாரமும் அதிகம். தினசரி வாழ்க்கையில் வீல்சேரை அது தள்ளிவைக்கவில்லை. கரண்டை நிறுத்தினால் நடையும் நின்றுவிடும் என்பதையும் மறக்கக் கூடாது.

நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்றால் கிறிஸ்டோபர் ரீவிடமிருந்து. சூப்பர்மேனாக நடித்தவர். 1995-இல் குதிரையிலிருந்து விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். சில வருடம் கழித்து இந்த சைக்கிள் உட்பட கடும் பயிற்சி செய்தார். ஐந்து வருடத்துக்குப் பிறகு விரலில் அசைவும், உடம்பில் தொடு உணர்ச்சியில் ஒரு பகுதியும் திரும்பியதாக 2002-இல் மருத்துவ இதழில் எழுதினார்கள். அது பொய்யில்லை. ஆனால் அது ஒரே ஒருவரின் கதை. பயிற்சியால் வந்ததா, மெல்லத் தானாகவே வந்ததா என்று பிரித்துச் சொல்ல ஒப்பிட்டுப் பார்க்க அங்கே இரண்டாவது ஆள் இல்லை. அவரும் கடைசி வரை எழுந்து நடக்கவில்லை. முழுமையில்லாத காயம், காலில் கொஞ்சமாவது சொந்த அசைவு இருப்பவர்கள் என்றால் பேச்சு வேறு. அங்கே கரண்டும் சொந்த முயற்சியும் சேரும்போது இருக்கும் பலம் வளர வாய்ப்புண்டு. உங்கள் தம்பியின் அறிக்கை அப்படிச் சொல்லவில்லை.

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. தண்டுவடத்தின் மேலேயே எலக்ட்ரோடு பதித்து, காலைத் தானாக அசைக்கவே முடியாதவரும் நின்றார், நடந்தார் என்று செய்தி படித்திருப்பீர்கள். அது உண்மை. 2011-இல் அமெரிக்காவின் லூயிவில்லிலிருந்தும், பிறகு 2022-இல் சுவிட்சர்லாந்தின் லோசானிலிருந்தும் வந்த வேலைகள் அவை. 2024-இல் கழுத்தின் தோல்மேல் பேட் வைத்துத் தண்டுவடத்தைத் தூண்டிக் கைப்பலத்தைக் கூட்டும் கருவிக்கும் சான்று வந்தது. ஆனால் அவை தண்டுவடத்தின் சுற்றுகளைத் தட்டியெழுப்பும் வேலை. நாம் பேசுவது தொடை நரம்பைத் தூண்டும் வேலை. இரண்டிலும் கரண்ட் இருக்கிறது என்பதால் விற்பவர்கள் சிலர் சேர்த்துப் பேசிவிடுகிறார்கள். அப்படிப் பேசும் ஆளிடம் எதையும் வாங்காதீர்கள்.

ஆபத்துக்கு வருவோம், இந்தப் பதிலில் நீங்கள் ஒரு பத்தியை மட்டும் இரண்டு முறை படிப்பதானால் இதைப் படியுங்கள். காயம் டி6-இலோ அதற்கு மேலோ இருப்பவர்களுக்கு, காயத்துக்குக் கீழே ஏதாவது உறுத்தினால் ரத்த அழுத்தம் திடீரென்று பாய்ந்து ஏறும் அபாயம் உண்டு. ஆட்டோனோமிக் டிஸ்ரிஃப்ளெக்ஸியா என்று பெயர். தம்பிக்கு டி5, அந்தக் கோட்டுக்குள் வருகிறார். நிறைந்த சிறுநீர்ப்பை, மலச்சிக்கல், இறுகிய பெல்ட், சில நேரம் இந்தக் கரண்டேகூட அதைக் கிளப்பும். நான் பார்த்த ஒருவர் மூன்று மாதமாக ஒரு தொந்தரவும் இல்லாமல் மிதித்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் பன்னிரண்டாவது நிமிடத்தில் தலை விண்விண்ணென்று தெறிக்கிறது என்றார். முகம் சிவந்திருந்தது, நெற்றியில் வியர்வை, கையில் புல்லரிப்பு. எப்போதும் 105 இருக்கும் மேல் அழுத்தம் 170 காட்டியது. சைக்கிளை நிறுத்தி, நிமிர்ந்து உட்காரவைத்து, கட்டுகளை எல்லாம் அவிழ்த்துப் பார்த்தால், தொடைக் கட்டுக்கு அடியில் சிறுநீர் வடியும் கதீட்டர் குழாய் மடிந்து கிடந்தது. நிமிர்த்திவிட்டதும் பை நிறையத் தொடங்கியது, ஐந்தாறு நிமிடத்தில் அழுத்தம் இறங்கிவிட்டது. காரணம் கிடைக்காமலோ அழுத்தம் இறங்காமலோ இருந்திருந்தால் அது நேராக அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டிய விஷயம். மூளையில் ரத்தக்கசிவு வரைக்கும் போகக்கூடியது. ஆகவே தம்பியின் சாதாரண அழுத்தம் என்ன என்று முன்பே குறித்துவைத்துக்கொள்ளுங்கள். 130 என்பது உங்களுக்குச் சாதாரணமாகத் தெரியும், 100-இலேயே வாழும் ஒருவருக்கு அது எச்சரிக்கை. ஒவ்வொரு முறையும் ஏறும் முன் சிறுநீர்ப்பையைக் காலி செய்ய வேண்டும், நடுவில் அழுத்தம் பார்க்க வேண்டும், தனியாக விட்டுவிட்டுப் போகக் கூடாது.

அடுத்தது எலும்பு முறிவு. அரிதுதான், ஆனால் நடந்திருக்கிறது. அடர்த்தி இழந்த எலும்பை வலுவான தசை இழுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். 14 மாதம் ஆகிவிட்டதால் தொடங்கும் முன் எலும்பு அடர்த்தி ஸ்கேன் ஒன்று எடுக்கச் சொல்வேன்; முடிந்தால் இடுப்போடு முட்டிப் பகுதியையும் சேர்த்து. உணர்ச்சி இல்லாத காலில் முறிவு வந்தாலும் வலிக்காது. திடீர் வீக்கம், சூடு, காரணமில்லாமல் வெட்டி இழுப்பது கூடுவது, இவைதான் தகவல் சொல்லும். பேஸ்மேக்கர், கர்ப்பம், காலில் ரத்தக்கட்டி, ஆறாத முறிவு, பேட் வைக்கும் இடத்தில் புண் அல்லது புற்றுநோய் இருந்தால் இந்தப் பக்கமே வரக் கூடாது. வயிற்றில், தசை இழுப்பைக் குறைக்கும் பேக்லோஃபென் மருந்துக்கான பம்ப் பொருத்தியிருந்தால் அதைப் பொருத்திய மருத்துவரிடம் கேட்டுவிட்டே செய்ய வேண்டும். பேட் காய்ந்து ஓரம் பிரிந்தால் கரண்ட் ஒரு புள்ளியில் குவிந்து தோலைச் சுடும். பழைய பேட்டைச் சிக்கனம் பிடிக்க வேண்டாம். இறங்கியதும் தொடையைக் கண்ணால் பாருங்கள், சிவப்பு அரை மணி நேரத்தில் மறைய வேண்டும்.

மோட்டார் மட்டும் சுற்றும் சைக்கிள் போதுமா என்ற கேள்விக்கு: மூட்டு இறுகாமல் இருக்க அது உதவும், இழுப்பும் கொஞ்சம் தளரலாம். தசையோ மூச்சுத்திறனோ அதனால் வளராது. அங்கே வேலை செய்வது மோட்டார்தான். தினமும் கையால் மூட்டுகளை அசைத்துவிட வீட்டில் ஆள் இருந்தால் அந்தச் சைக்கிளுக்கென்று தனியாகச் செலவு செய்ய வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

கரண்ட் சைக்கிளை வாங்குவதற்கு முன், மூன்று மாதம் ஏதாவது ஒரு மையத்தில் போய் மிதித்துப் பாருங்கள். பேட் ஒட்டி, கட்டி, மிதித்து, கழற்றி, தோலைப் பார்த்து முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆகும். தண்டுவடக் காயம் பட்டவர்களுக்கு 2018-இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல், இதய நலனுக்கு வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் 30 நிமிடம் மிதமானது முதல் கடுமையானது வரையிலான பயிற்சி வேண்டும் என்கிறது. அதை இந்த சைக்கிளில்தான் செய்ய வேண்டும் என்று அது சொல்லவில்லை. கையால் சுற்றும் பயிற்சிக் கருவியிலும் (எர்கோமீட்டர்) செய்யலாம். மூன்று மாதம் வாரம் மூன்று நாள் போக முடிந்ததா என்பதைப் பார்த்தாலே வீட்டில் அந்தக் கருவி ஓடுமா, துணி காயப்போடும் இடமாகுமா என்று தெரிந்துவிடும். தினமும் பேட் ஒட்டப்போவது யார் என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள். பெரும்பாலும் அது அம்மா தலையில் விழுகிறது.

அப்புறம் ஒன்று. உங்கள் கடிதத்தில் அம்மா என்ன சொன்னார், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று இருக்கிறது. தம்பி என்ன சொன்னார் என்று இல்லை. 27 வயது ஆள். அவருக்கு இப்போது வேண்டியது சைக்கிளாக இருக்கலாம், கை ஓட்டும் வண்டியாக இருக்கலாம், மறுபடி வேலைக்குப் போவதாக இருக்கலாம். வாரத்தில் நாலரை மணி நேரம் அவருடைய நேரம். நடை வராது என்பதைத் தெரிந்துகொண்டும் "சரி, உடம்புக்காகச் செய்கிறேன்" என்று சொன்னவர்கள்தான் வருடக்கணக்கில் தொடர்கிறார்கள். நடந்துவிடுவோம் என்று வந்தவர்கள் நாலு மாதத்தில் மனமுடைந்து நிறுத்துகிறார்கள், பிறகு கைப்பயிற்சியையும் சேர்த்து விட்டுவிடுகிறார்கள். இந்தப் பதிலை அவரிடமே காட்டுங்கள்.

அவர் பார்க்கலாம் என்றால், முதல் சோதனைக்குப் போகும்போது தொடை முழுக்கத் தெரியும்படி அரைக்கால் சட்டை போட்டுக்கொள்ளட்டும். சாப்பிடும் மருந்துகளின் பட்டியல், ஒரு வாரம் காலையிலும் மாலையிலும் எடுத்த ரத்த அழுத்தக் குறிப்பு, அறுவைசிகிச்சை அறிக்கை, இவற்றைக் கையில் எடுத்துப் போங்கள். முன்தொடை, பின்தொடை, பிட்டம் மூன்றையும் இரண்டு பக்கமும் தனித்தனியாகச் சோதிக்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் நன்றாகச் சுருங்கி இன்னொரு பக்கம் மந்தமாக இருப்பதும் உண்டு. என்ன வந்தது என்று இங்கேயே எழுதுங்கள். எந்தத் தசை எத்தனை மில்லி ஆம்பியரில் அசைந்தது என்று குறித்து வந்தால் மேற்கொண்டு பேசலாம்.